மைக் செட் மக்கர் பண்ணினால்

தமிழ்நாட்டில் எத்தனையோ கல்யாண வீடுகள் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரப் பதிவோடுதான் விடிகின்றன. 1981இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அந்த வித்வானின் பதிவு, மைக் செட்காரருக்கு நல்ல சோதனைக் கருவியும்கூட. நாதஸ்வரம் மூச்சு விடும் இடைவெளியில் ஆம்ப்ளிஃபயரின் உறுமல் தனியாகக் கேட்டுவிடும். தவிலின் ஒவ்வொரு அடியும் பவர் சப்ளையிடம் சட்டென்று அதிக மின்னோட்டம் கேட்கும். கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால் அந்த அடி பிசிறடிக்கும்.

‘ஆம்ப் போயிருச்சு’ என்று தூக்கிக்கொண்டு வரும் பெட்டிகளில் பலவற்றுக்கு ஆம்ப்பில் ஒன்றுமே இருக்காது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் மைக் ஒயரின் பின் மேல், அடுத்தது மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் யூனிட் மேல். மைக்கைக் கழற்றிவிட்டு செல்போனில் பாட்டு போட வேண்டும். பாட்டு வந்தால் கோளாறு மைக் பக்கம். வராவிட்டால், நன்றாகப் பாடும் வேறு ஸ்பீக்கரை மாட்டிப் பார்க்க வேண்டும். திருப்புளியைக் கையில் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உறுமலுக்கு வால்யூம் குமிழே சாட்சி. அதைச் சுழியத்தில் வைத்தும் உறுமினால் குறை பெரும்பாலும் பவர் சப்ளையில் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபயரைத் தாண்டும்போது அதன் அலைவு 100 ஹெர்ட்ஸ் ஆகிறது. உலர்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர் அதை வடிகட்டாமல் விட்டுவிடும். அதன் தலை உப்பியிருந்தால் மீட்டரே வேண்டாம், மாற்றிவிடலாம். குமிழைத் திருகத் திருக உறுமலும் கூடினால் மைக் ஒயரின் ஷீல்டு அறுந்திருக்கலாம். மிக்ஸர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் தொலைவில் வேறொரு பிளக்கிலும் இருந்தாலும் எர்த் சுற்றி வந்து உறுமும். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்தால் பல நேரம் அடங்கிவிடும். எர்த் பின்னை வெட்டி எறிகிறவர்களும் உண்டு. உறுமல் நிற்கும், ஆனால் மைக்கைப் பிடிப்பவரின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

அந்த வித்வானின் பெயரில் உள்ள நாமகிரிப்பேட்டை, மஞ்சள் விளையும், ஏலம் போகும் ஊர். மஞ்சள் பாலிஷ் போடும் களத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் பொடி படியாமல் இருக்குமா? வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்குக் காரணம் அநேகமாகத் தூசுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபக்கமும் பலமுறை சுழற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. அது அடுத்த பருவத்துத் தூசையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தும், திருகும்போது மட்டும் கரகரப்பு தொடர்ந்தால், கப்ளிங் கெப்பாசிட்டர் ஒழுகி டிசி மின்சாரம் கன்ட்ரோலுக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆம்ப் சூடாகி அணைவதற்குப் பெரும்பாலும் லோடுதான் காரணம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம், நான்கை மாட்டினால் 2 ஓம். எத்தனையோ ஆம்ப்புகளுக்கு அது தாங்காது. ஒயர் நீளமும் கணக்கில் வரும். 1 சதுர மி.மீ. செம்பு ஒயரை 100 மீட்டர் இழுத்தால், போக வர மின்தடை சுமார் 3.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் ஒயரிலேயே சூடாகிப் போகும். திருவிழாவுக்கு 100 வோல்ட் லைன் ஆம்ப்பும், லைன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய குழாய்களும் அதனால்தான். 250 வாட் ஆம்ப்பில் 30 வாட் குழாய் எட்டு மாட்டினால் 240 வாட். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுவதும் சிகரெட் அட்டையின் தகட்டைச் சுற்றுவதும் வீட்டைக் கொளுத்தும் வேலை. மெக்கானிக்குகள் நம்புவது சீரிஸ் பல்பை. 100 வாட் குண்டு பல்பை மின் இணைப்பில் தொடராக வைத்து ஆம்ப்பைப் போட்டால், பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். பளிச்சென்றே எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே குண்டு பல்பைத் தொட்டு மின்சாரத்தை வடித்துவிட வேண்டும். பிறகு அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். அசெம்பிள் செட்டுகளில் அடிக்கடி பார்க்கும் 5200, 1943 ஜோடியில் ஒன்று ஷார்ட் ஆனால் இரண்டையும் மாற்றுவதே நல்லது. கூடவே டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் அளந்து பார்க்க வேண்டும். டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்காத் தகட்டை மறந்தால் ஹீட் சிங்க்கிலேயே ஷார்ட் ஆகும். ஸ்பீக்கரை மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மரின் வெளியேறும் ஒயர்களை எல்லாம் கழற்றிய பிறகும் சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிந்தால் குறை டிரான்ஸ்ஃபார்மரிலேயேதான். ஒயர்களின் நிறத்தையும் இடத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் ரீவைண்டிங் கடைக்கு அனுப்பினால் போதும்.