துருவைக் கண்டதும் முடிவு கட்டாதீர்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

திருவனந்தபுரம் அருகே வெள்ளாயணிக் காயலை ஒட்டிய வயல் வாய்க்காலில் ஆரஞ்சு நிறச் சேறு பஞ்சுபோலப் படிந்திருந்தால், "இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியா" என்று குறிப்பேட்டில் எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இரும்பு துருவேறியிருக்கிறது என்பதைத்தான் அந்த நிறம் சொல்லும். துருவேற்றியது யார் என்று சொல்லாது. உங்களைச் சுற்றி இருப்பது இரும்பு மண்டிய வெட்டுக்கல் பூமி. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதியில் வயல் மூழ்கி மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும், வேறு வகை பாக்டீரியாக்கள் துருவைக் கரையும் ஃபெரஸ் இரும்பாக மாற்றுகின்றன. அந்த நீர் கசிந்து காற்றைத் தொட்டால், எந்த உயிரின் தயவும் இல்லாமலே மறுபடி துருவாகும்.

எவ்வளவு வேகத்தில் என்பதுதான் விஷயம். பி.எச். 7 உள்ள, காற்று நன்றாகக் கலந்த நீரில் ஃபெரஸ் இரும்பின் பாதி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பி.எச். ஒரு படி இறங்கினால் வேகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். வேதியியலாளர்கள் ஸ்டம், லீ இருவரும் 1961-இல் வெளியிட்ட கணக்கு இது. ஆகவே ஆக்சிஜன் தாராளமான நடுநிலை நீரில் பாக்டீரியாவுக்கு மிஞ்சுவது சொற்பம். சேற்றின் மேல்தோலில் சில மில்லிமீட்டரிலும், நெல்வேரைச் சுற்றிய செம்படலத்திலும், ஆக்சிஜன் அரிதான இடத்தில்தான் அதற்குப் பிழைப்பு. பி.எச்.சையும் ஆக்சிஜனையும் வயலிலேயே அளந்துவிடுங்கள். புட்டியில் ஆய்வகம் வந்துசேரும் நீர் வேறு நீர்.

நுண்ணோக்கியில் இரும்பு பாக்டீரியாக்களான காலியோனெல்லாவின் முறுக்கு நாடாவும் லெப்டோத்ரிக்ஸின் குழாய் உறையும் தெளிவாகத் தெரிகின்றனவே என்பீர்கள். தெரியட்டும். லெப்டோத்ரிக்ஸ் உறைகளில் பெரும்பாலானவை குடித்தனம் காலிசெய்த வீடுகள். டி.என்.ஏ. வரிசையோ யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், இன்று என்ன செய்கிறார்கள் என்று சொல்லாது.

எனவே ஒரே சேற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் உயிரைக் கொன்று, இரண்டிலும் ஃபெரஸ் இரும்பு குறைவதை அளந்து பாருங்கள். ஃபெரஸ் இரும்பைக் காட்டும் ஃபெரோசின் விட்டால் வரும் ஊதா நிறம் கொன்ற புட்டியிலும் நாளாக ஆக வெளிறும். அது வேதியியலின் பங்கு, அதைக் கழியுங்கள். கொல்வதே சேற்றை மாற்றிவிடாதா என்ற மறுப்பு நியாயமானது. கொல்லப் பயன்படும் சோடியம் அசைடு துருவிலுள்ள ஃபெரிக் இரும்போடு சேர்ந்து சிவக்கும். ஆட்டோகிளேவ் சூடு இரும்புத் தாதுக்களையே உருமாற்றக்கூடும். ஒரு முறையை மட்டும் நம்பாமல் இரண்டு வழிகளில் கொன்று பாருங்கள். விடைகள் ஒத்துவராவிட்டால், ஒத்துவரவில்லை என்றே எழுதுங்கள்.

கழித்தபின் பாக்டீரியாவின் பங்கு பத்தில் ஒன்றுதான் என்று வந்தாலும் கூச்சப்படாதீர்கள். கட்டுரைக்குக் கவர்ச்சி குறையலாம், வயலுக்கு அந்த எண் வேண்டும். இரும்பு மிகுந்து நெல்லின் இலை பழுப்பேறும்போது சுண்ணாம்பு இடச் சொல்கிறோம். சுண்ணாம்பு பி.எச்.சை உயர்த்தி முடுக்குவது வேதியியல் ஆக்சிஜனேற்றத்தை. வேரடியில் பாக்டீரியாதான் பெரும்பங்கு செய்கிறது என்றால், எவ்வளவு சுண்ணாம்பு, எப்போது நீரை வடிப்பது என்ற கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.