பகையும் காதலும்: திருக்குறளில் கள் உவமைகள்

திறவுச்சொற்கள்: திருக்குறள், கள், காமத்துப்பால், கூற்று, ஊடல், உவமை

பகைவராகத் தொடங்கும் இருவர் காதலராக முடியும் கதை, மது வடிக்கும் இடத்தைக் களமாகக் கொண்டு இன்றைய வெகுசனப் புனைகதையில் எழுதப்படுகிறது. பகை, காதல், மது ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும் நோக்குத் தமிழ் மரபுக்குப் புதிதன்று. கள்ளுண்ணாமை அதிகாரத்தின் முதற்குறள் (921) 'கட்காதல்' என்னும் தொடரை ஆள்கிறது. அக்காதல் கொண்டவர் அஞ்சப்படார் என்பதற்குப் பகைவரால் அஞ்சப்படார் என்று பரிமேலழகர் உரை காண்கிறார். மூன்றும் அங்கேயே சந்தித்துவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொருட்பாலில் நஞ்சு என விலக்கப்பட்ட கள் (926), காமத்துப்பாலில் காமத்தோடு ஒப்பிடப்படுகிறது (1090, 1145, 1201, 1281, 1288). காமத்துப்பால் தலைவன், தலைவி, தோழி ஆகியோரின் கூற்றாக அமைந்தது; ஆதலின் அங்கு ஒலிப்பது வள்ளுவரின் அறக்குரல் அன்று என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் அமைதி. அது சரியே; ஆயினும் போதாது. பேசுபவர் யார் என்பதை அது சொல்கிறது. அவர் ஏன் கள்ளை நாடினார் என்பதைச் சொல்லவில்லை.

ஐந்து குறள்களும் ஒரே வகையின அல்ல. 1090, 1201, 1281 ஆகிய மூன்றிலும் கள் தோற்கிறது. உண்டால்தான் மகிழ்விக்கும் என்பதும், நினைத்த அளவில் களிப்பும் கண்ட அளவில் மகிழ்வும் தாராது என்பதும் அதன் குறைகள். இவற்றுள் 1090 மட்டும் 'அடுநறா' என்கிறது. அடுதல் சமைத்தல், மரத்திலிருந்து இறக்கும் கள்ளினின்று இது வேறு. தாம்பரம், பீர்க்கன்கரணை முதலிய இன்றைய ஊர்களையும் தன்னுள் கொண்டிருந்த தொண்டைநாட்டின் தலைவனாகிய இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் இத்தகைய மது ஆக்கப்படும் முறையை விரிவாகக் காட்டுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்துப் பின்னரே அரித்தெடுக்கின்றனர். இத்தனை உழைப்பும் காத்திருப்பும் வேண்டும் பொருளோடுதான், கண்ட நொடியில் மகிழ்விக்கும் காமம் ஒப்பிடப்படுகிறது. 'அடு' என்னும் அடையை வெறும் அணியாகக் கொண்டால் இக்குறளின் கூர்மை போய்விடும்.

எஞ்சிய இரண்டில் கள் தோற்கவில்லை, காமத்திற்கு நிகராகிறது. 1145 அலரைப் பற்றியது: களிக்குந்தோறும் மேலும் உண்ண விரும்புவது போல, ஊரறியப் பழிக்கப்படுந்தோறும் காமம் இனிக்கிறது. 1288 தலைவன் மார்பைப் பற்றியது: இழிவு வரத்தக்க துன்பங்களைச் செய்தாலும் களித்தவர்க்குக் கள் எப்படியோ அப்படி அது விரும்பப்படுகிறது. இவ்விரண்டிலும் காமம் தீங்கு செய்யும் நிலையில் நிற்கிறது. இன்பம் பேசப்படும் மூன்று இடங்களில் தாழ்த்தப்படும் கள், தீங்கு பேசப்படும் இரண்டு இடங்களில் ஒப்பாகிறது. ஆகவே கள்ளைப் பற்றிய மதிப்பீடு காமத்துப்பாலில் மாறிவிடவில்லை. காதலின் பகைமுகத்தைச் சொல்லவே கள் அழைக்கப்படுகிறது.

1288 அமைந்துள்ள புணர்ச்சி விதும்பல் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமையோடு சேர்த்துப் படிக்கும்போது இது மேலும் தெளிவாகிறது. களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது நீரினுள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போன்றது என்கிறது 929. புணர்ச்சி விதும்பலிலும் நீர் வருகிறது. வெள்ளம் இழுத்துச் செல்லும் என்று அறிந்தே அதில் பாய்பவரைப் போலத் தலைவி தன்னைக் காண்கிறாள் (1287). முன்னது கரையில் நிற்பவன் பார்வை. பின்னது பாய்பவளின் பார்வை. 930, கள்ளுண்ணாத பொழுதில் ஒருவன் களித்த மற்றொருவனைக் காணும்போது தனக்கும் அச்சோர்வு வரும் என்பதை நினையானோ என்று வினவுகிறது. 1286இல் தலைவி, அவனைக் காணும்போது தவறுகளைக் காணேன், காணாதபோது தவறல்லாதவற்றைக் காணேன் என்கிறாள். அவளுக்குத் தலைவன் இல்லாத பொழுதே கள்ளுண்ணாப் பொழுது. அப்போது அவன் குற்றமே உருவானவன், ஏறத்தாழப் பகைவன். எதிரில் வந்ததும் கணக்கு முழுதும் அழிந்துவிடுகிறது. 930 கேட்கும் வினாவிற்கு இங்கு விடை கிடைக்கிறது: நினைப்பார், அறிவார், அறிந்தும் செல்வார். குறள்களின் வைப்புமுறை உரையாசிரியரிடையே வேறுபடும் என்பது உண்மையே. இவ்வொப்பீடோ வரிசையை நம்பியதன்று, நீரும் காட்சியும் கள்ளும் ஈரிடத்தும் பயிலும் முறையையே நம்பியது.

பகை காதலாதல் எனும் இன்றைய கதையில் பகை முதலில் வந்து பின் ஒழியும். குறளில் அது ஒழிவதில்லை. குறிப்பறிதல் அதிகாரத்திலேயே பகைத்தவர் போன்ற நோக்கு, அயலார் போல் நடித்து அன்பு கொண்டவரின் அடையாளமாகிறது (1097). புணர்ச்சி விதும்பலில் ஊடச் சென்ற தலைவியின் நெஞ்சு அதை மறந்து கூடச் செல்கிறது (1284). ஊடலுவகையிலோ தோற்றவரே வென்றவர் (1327). அவ்வெற்றி கூடலில் வெளிப்படும். 'கள்வ' என்ற 1288இன் விளியும் இவ்வகையில் நோக்கத்தக்கது. வசையும் செல்லப்பெயருமான அவ்வொரு சொல்லுள் கள்ளின் ஒலியும் கலந்திருக்கிறது. உரைகள் பொருளைக் கருதி ஒலியை விட்டுச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று.