கொடியும் நெருப்பும்

2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவையொட்டி, வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றும்படி அரசு கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். நாக்பூரில் நாங்கள் குடியிருக்கும் காலனியிலும் எல்லா மொட்டை மாடிகளிலும் கொடி பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த இரண்டு வாரத்து மழையிலும் காற்றிலும் பாதிக் கொடிகள் கிழிந்துவிட்டன. சில சாக்கடை ஓரத்தில் கிடந்தன.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கீழே கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகும் பழக்கம் இல்லை. பதினொரு கொடிகளைச் சேகரித்துக் கழுவிக் காய வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுப் பின்புறத்தில் பழைய இரும்புச் சட்டி ஒன்றில் நெருப்பு மூட்டி, முதல் கொடியை மடித்து வைத்தேன்.

சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு இளைஞர் எட்டிப் பார்த்தார். "காகா! கொடியையா எரிக்கிறீர்கள்?" என்று இந்தியில் சத்தம் போட்டார். நான்கு பேர் கூடிவிட்டார்கள். "மதராசிக்காரர் கொடியை எரிக்கிறார்" என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. இருபது வருடமாக ஒரே தெருவில் இருந்தும் அந்த ஒரு நிமிடம் நான் வெளியூர்க்காரனாகிவிட்டேன்.

விளக்கம் சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி பயந்துவிட்டாள். இரவு படுக்கும்போது, "தாத்தா, நீங்க செஞ்சது தப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

துணிக்குப் பொருள் எப்படி வந்தது?

தண்டவாளத்தில் விரிசல் கண்டால் நாங்கள் முதலில் செய்வது, வரும் வண்டியை நிறுத்த வழி செய்வது. அதற்குத் தக்க தூரத்தில் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். ஆயிரம் டன் வண்டியை ஒரு முழத் துணி நிறுத்திவிடும். துணிக்கு அந்த பலம் எங்கிருந்து வந்தது? சிவப்பு என்றால் ஆபத்து என்று கேங்மேனும் டிரைவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

தேசியக் கொடியும் அப்படியே. ஆனால் அந்த ஒப்புதலுக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அதிகம். நாம் வாழும் இதே நாக்பூரில் 1923-இல் கொடி சத்தியாக்கிரகம் நடந்தது. சிவில் லைன்ஸ் பகுதிக்குள் கொடி ஏந்திச் செல்ல ஆங்கில அரசு தடை விதித்தது. ஜம்னாலால் பஜாஜ் தலைமையில் தொண்டர்கள் அணி அணியாகத் தடையை மீறினார்கள். அவர் கைதான பிறகு வல்லபபாய் பட்டேல் வந்து பொறுப்பேற்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். பல மாகாணங்களிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள்.

1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் போலீஸ் தடியடியில் விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். அவர் ஏந்தியது ராட்டை பொறித்த கொடி. ராட்டைக்குப் பதிலாக 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரத்துடன் இன்றைய கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22-இல். நிறமும் சின்னமும் மாறியிருக்கின்றன. அதற்குள் மக்கள் வைத்த பொருள் தொடர்ந்து வந்திருக்கிறது.

எரிப்பதெல்லாம் அவமதிப்பா?

இல்லை. இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002 என்ன சொல்கிறது தெரியுமா? கிழிந்து பழுதான கொடியைத் தனிமையில், முழுமையாக அழிக்க வேண்டும். எரிப்பது விரும்பத்தக்க வழி. அல்லது கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழி. குப்பையில் போடுவதுதான் தவறு. அமெரிக்கக் கொடி விதிகளும் எரிப்பதையே கண்ணியமான வழியாகக் கூறுகின்றன.

அதே நெருப்பு, அதே துணி. ஒன்று மரியாதை, மற்றொன்று அவமதிப்பு. வேறுபாடு எரிப்பவரின் நோக்கத்தில் இருக்கிறது. இதுதான் இந்த விஷயத்தில் சிக்கலான இடம். நோக்கத்தைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்

1984-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, கிரெகரி லீ ஜான்சன் என்பவர் எதிர்ப்பாக அந்நாட்டுக் கொடியை எரித்தார். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி ஓராண்டுச் சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1989-இல் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். எதிர்ப்பைத் தெரிவிக்கும் செயலும் பேச்சுரிமையில் அடங்கும் என்று பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர். கோபமுற்ற அந்நாட்டு நாடாளுமன்றம் உடனே புதுச் சட்டம் இயற்றியது. 1990-இல் அதுவும் செல்லாது என்றாகிவிட்டது.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது வேறொன்று. போராட்டக்காரர்கள் போன பிறகு, ஒருவர் எரிந்த கொடியின் மிச்சத்தைப் பொறுக்கி எடுத்துச் சென்று, தன் வீட்டுப் பின்புறத்தில் மரியாதையுடன் புதைத்தார். தீர்ப்பிலேயே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். கொடியை அவமதித்தவருக்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை என்பது நீதிபதி பிரென்னனின் கருத்து.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் கொடியையோ அரசியல் சட்டத்தையோ எரித்து, மிதித்து, அல்லது வேறு வகையில் அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் பலர் படிக்காத ஒரு விளக்கமும் உண்டு: சட்ட வழியில் மாற்றம் கோரி அரசையும் அரசியல் சட்டத்தையும் விமர்சிப்பது குற்றமாகாது.

தமிழ்நாட்டின் அனுபவம்

1955-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து, ஆகஸ்ட் 1-ஆம் தேதி தேசியக் கொடியை எரிக்கப்போவதாகப் பெரியார் அறிவித்தார். பெரும் பரபரப்பு. முதலமைச்சர் காமராஜ், இந்தி கட்டாயமாக்கப்படாது என்று உறுதியளித்தார். பெரியார் போராட்டத்தை ஒத்திவைத்தார். அந்தக் கொடி எரிப்பு நடக்கவில்லை.

பெரியாரின் வழி சரியா தவறா என்பதில் நம் வீடுகளிலேயே இரண்டு கருத்து உண்டு. எனக்கு அந்த வழி உடன்பாடில்லை. ஆனால் காமராஜ் செய்ததைக் கவனியுங்கள். மூட்டப்போகிற நெருப்பை மட்டும் பார்க்காமல், அதற்குப் பின்னிருந்த குறையைப் பார்த்தார்.

எங்கள் தொழிலிலும் அப்படித்தான். சிவப்புக் கொடி காட்டியவனைத் திட்டுவதற்கு முன், தண்டவாளத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். அவன் காட்டியது தவறென்றால் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். விரிசல் உண்மையென்றால் வண்டி கவிழும்.

பேத்திக்குச் சொன்னது

"கண்ணு, தாத்தா செய்தது தப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அண்ணா கேட்டதும் தப்பில்லை. அவருக்குக் கொடி மேல் மதிப்பு இருக்கிறது, அதனால் கேட்டார். கேட்காமலே தாத்தாவைப் பற்றி முடிவு கட்டினார்களே, அதுதான் தப்பு."

மறுவாரம் அந்த இளைஞரே வந்தார். விதித்தொகுப்பின் அந்தப் பகுதியைக் காட்டினேன். படித்துவிட்டு, "காகா, என் மாடியில் இருப்பதும் கிழிந்துவிட்டது. கொண்டு வரட்டுமா?" என்றார். மீதி இருந்த கொடிகளுடன் அவருடையதையும் சேர்த்து இருவருமாக எரித்தோம். பாலியெஸ்டர் கொடிகள் உருகிக் கருப்புப் புகை விட்டன. அடுத்த ஆண்டு கதர்க் கொடியே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் பிள்ளைகளுக்குக் கொடி வாங்கிக் கொடுக்கிறீர்கள். மறுநாள் அதை இறக்கி, மடித்து, பத்திரமாக வைக்கவும் சொல்லிக் கொடுங்கள். சட்டம் கொடியை எரிக்காமல் தடுக்கலாம். கீழே கிடக்கும் கொடியைக் குனிந்து எடுக்கும் மனத்தை வீட்டில்தான் வளர்க்க முடியும்.