முனையை இழுக்கும் முன்

ஒன்பதாம் வகுப்பில் செங்கோட்டு மையம் நடத்தும்போது, பெரும்பாலான பிள்ளைகள் குறுங்கோண முக்கோணத்தைத்தான் வரைவார்கள். மூன்று குத்துக்கோடுகளும் உள்ளேயே சந்திக்கும். மையம் என்றால் நடுவில்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துவிடும். விரிகோண முக்கோணம் கொடுத்தால் திணறுவார்கள். குத்துக்கோட்டை முக்கோணத்துக்கு வெளியே நீட்டத் தோன்றாது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஜியோஜீப்ரா கைகொடுக்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய இந்த மென்பொருள் வகுப்பறைக்கு இலவசம். இதில் வரையும் செங்குத்துக்கோடு இருபுறமும் முழுதாக நீண்டு ஓடும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், கோணம் 90 பாகையை நெருங்க நெருங்க மையமும் அந்த முனையை நோக்கி நகரும். சரியாக 90 ஆனதும் முனையிலேயே வந்து உட்காரும். அதைத் தாண்டியதும், "டீச்சர், வெளிய போயிருச்சு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும்.

ஆனால் இழுப்பதற்கு முன் நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். "இந்தக் கோணத்தைப் பெருசாக்கினா மையம் எங்க போகும்? நோட்டில் எழுதுங்க." எல்லோரும் எழுதிய பிறகுதான் இழுப்பது. ஊகிக்காமல் பார்க்கும் பிள்ளைக்குத் திரையில் புள்ளி நகர்வது வெறும் வேடிக்கை. எழுதியவளுக்கோ, தான் நினைத்தது நடக்கிறதா என்ற பதைப்பு இருக்கும். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள உத்தி வேறில்லை. மவுஸையும் எப்போதும் கையைத் தூக்குகிற பிள்ளைகளிடம் தராமல், வாயே திறக்காத பிள்ளையிடம் தருவேன்.

முக்கோணத்தின் கோணங்களை அளக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒருமுறை திரையில் 47.34, 62.34, 70.33 என்று வந்தது. கூட்டிப் பார்த்த ஒரு மாணவி, "180.01 வருது டீச்சர், கம்ப்யூட்டர் தப்பா?" என்று கேட்டாள். அன்று பாடத்தின் போக்கையே மாற்றிக்கொண்டேன். இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுவதால் வரும் வேறுபாடு அது. தசம இடங்களை மூன்றாக்கியதும் அவை 47.336, 62.337, 70.327 ஆயின, கூடுதல் 180. அளந்து பார்த்து நம்புவதற்கும், இணைகோடு வரைந்து நிரூபிப்பதற்கும் உள்ள தூரத்தை விளக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகையில் நிரூபணம் போட்டோம்.

பத்தாம் வகுப்புத் திட்ட விலக்கத்துக்கு எக்செல் போதும். 42, 45, 50, 55, 58 என்ற ஐந்து மதிப்பெண்களை இடச் சொல்வேன். திட்ட விலக்கம் 5.97. எல்லோருக்கும் 5 மதிப்பெண் கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், பாதி வகுப்பு "கூடும்" என்று எழுதும். அது அசையாது. இரண்டால் பெருக்கினால் மட்டும் இரட்டிப்பாகும். ஒரு எச்சரிக்கை: நம் பாடநூல் உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. அதற்கு எஸ்டிடெவ்.பி என்ற சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்டிடெவ்.எஸ் போட்டால் ஒன்று குறைத்து வகுத்து 6.67 என்று காட்டும், பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். இணையத்தை நம்பி வகுப்புக்குப் போகக் கூடாது. மென்பொருளைக் கணினியில் முன்பே நிறுவி, கோப்பையும் சேமித்து வைக்க வேண்டும். எழுத்தின் அளவைக் கடைசி வரிசைக்குத் தெரியும்படி கூட்ட வேண்டும். ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி போதும்.

கணினியில் நடத்திய வகுப்புக்கு அடுத்த வகுப்பில் கட்டாயம் காம்பஸ் எடுக்க வைப்பேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டையும் பென்சிலால்தான் வரைய வேண்டும். திரையில் பார்த்துவிட்டு வரைகிற பிள்ளை, குத்துக்கோட்டை நீட்டத் தயங்குவதில்லை.

நம் கணிதப் பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று தனிப் பகுதியே இருக்கிறது. நேரமில்லை என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு வடிவியலிலிருந்து தொடங்குங்கள். இழுக்கும் முன் ஊகத்தை எழுத வையுங்கள்.