இன்ஜின் நின்றுபோனால்?

கேள்வி: பூச்சிமருந்து தெளிக்கும்போது ஹெலிகாப்டரின் இன்ஜின் நின்றுபோனால் விமானி தப்ப முடியுமா?
– வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: உயரம் இருந்தால் முடியும். விமானி உடனே, இறக்கைகளின் சாய்வைக் குறைக்க, ‘கலெக்டிவ்’ நெம்புகோலைத் தாழ்த்துவார். இறங்கும் வேகத்தில் கீழிருந்து மேலேறும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். தரையை நெருங்கும்போது அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாகத் தரையிறங்கலாம். மருந்து தெளிப்பவருக்கு அந்த உயரம்தான் கிடையாது. பயிருக்குச் சில மீட்டர் மேலே, குறைந்த வேகத்தில், பாரத்தோடு பறக்கிறார். நெம்புகோலைத் தொடுவதற்குள் தரை வந்துவிடும்! அதனால் பழுதே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

2020-ல் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிகளை ஒழிக்க இறக்கிய பெல் 206 ஹெலிகாப்டர், ஒரு நடையில் 250 லிட்டர் மருந்து சுமக்கக்கூடியது. இப்படிச் சுமந்து நாள் முழுக்க ஏறி இறங்கினால் உலோகம் களைத்துப்போகும், மருந்தும் அரிக்கும். அதனால் முக்கியப் பாகங்களுக்கு மணிக்கணக்கில் ஆயுள் வகுத்து, நன்றாக இருந்தாலும் கழற்றி மாற்ற வேண்டும். கூண்டுக் கயிற்றை நம்பிச் சுரங்கத்தில் இறங்கிய உங்கள் ஊருக்கு இந்தக் கண்டிப்பின் அருமை தெரியும்.

கோலார் தக்காளித் தோட்டங்களுக்கு ட்ரோனே போதும் என்பேன். பழுதாகி விழுந்தாலும் உள்ளே ஆள் இல்லை. கீழே இருப்பவர்கள் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.