மீண்டும் தாதிப் பணிக்கு: தொழில் கையில், பதிவு எங்கே?

1990இல் தீவகத்தை விட்டும் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டும் எமது மக்கள் வெளியேறியபோது, பல வீடுகளில் காணி உறுதியோடு வேறொரு தாளும் தொலைந்தது. அது பிள்ளை படித்துப் பெற்ற தாதிச் சான்றிதழ். கடல் கடந்து தமிழகம் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அங்கே தாதிப் படிப்பை முடித்தனர். வேறு சிலர் பிள்ளை வளர்ப்பிலும் அலைச்சலிலும் பல ஆண்டுகள் தொழிலை விட்டிருந்தனர். இத்தகைய ஒருத்தி ஊருக்குத் திரும்பியதும் அயலவர் வந்து, "பிள்ளை, ஒரு ஊசி போட்டு விடு" என்று கேட்கின்றனர். அவள் என்ன செய்வது? நாம் என்ன செய்வது?

1. பதிவு எதற்கு?

காணி உங்களுடையதுதான். ஆனாலும் உறுதி இல்லாமல் அதை நிலைநாட்ட முடியாது. தாதியின் பதிவும் அத்தகையதே. அதோடு அது நோயாளிக்கும் காவலாகும். பெனிசிலின் ஊசி ஒவ்வாத ஒருவருக்குச் சில நிமிடங்களில் மூச்சு அடைக்கலாம். உடனே கொடுக்கவேண்டிய மருந்தும் வைத்தியரும் அருகில் இருக்கவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த உயிர் அதுவரை காத்திராது.

2. எங்கே தொடங்குவது?

தாதியருக்கென 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைத் தாதியர் சபை அமைக்கப்பட்டது. மருத்துவிச்சிகளின் பதிவு இலங்கை மருத்துவச் சபைக்கு உரியது. தமிழகத்தில் பெற்ற பதிவு அங்கே செல்லுபடியாகும். இங்கே பணிபுரிய இங்குள்ள சபையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெறுங்கள். படித்த நிறுவனத்துக்கு எழுதிச் சான்றிதழின் பிரதி கேளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் கல்விச் சான்றிதழிலும் பெயர் வேறுபட்டால் அதை முதலிலே சரிசெய்யுங்கள்.

3. கட்டுப்பாடு தண்டனையா?

தரிசாகக் கிடந்த நிலத்தில் வந்த அன்றே விதைப்போமா? பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மண்ணைப் பண்படுத்திய பின்பே விதைப்போம். தொழிலை விட்டிருந்தவளை முதலில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யவோ மறுபடி பயிற்சி பெறவோ சொன்னால், அதை அவமானமாக எடுக்க வேண்டியதில்லை. பிரித்தானியாவில் மூன்று ஆண்டுகளில் 450 மணித்தியாலம் பணிசெய்யாத தாதி, மீள்பயிற்சியையோ திறன் தேர்வையோ முடித்தே பதிவைத் தொடரலாம். அங்கே தொழிலில் பிழைவிட்டவருக்குக்கூட எப்போதும் கதவடைப்பதில்லை. நிபந்தனைகளோடு வேலைசெய்ய விட்டு, குறித்த காலத்தின்பின் மீளாய்வு செய்வதும் உண்டு.

4. பதிவு கிடைக்கும்வரை

ஊசி போடுதல், மருந்து எழுதிக்கொடுத்தல், வீட்டில் பிரசவம் பார்த்தல் ஆகியவை வேண்டாம். முதலுதவி செய்யலாம். படுக்கையில் கிடக்கும் முதியோரைக் கழுவித் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்கலாம். கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கக் கற்றுக்கொடுக்கலாம். எமது தீவுகளில் பல கிணறுகள் உவர் என்பதால் அதற்கு நன்னீரே வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, அவரது வழிகாட்டலில் எவ்வாறு உதவலாம் என்று கேட்பது நன்று.

5. குடும்பத்தாருக்கும் ஊராருக்கும்

"படித்தும் பயனில்லை" என்று அவளைக் குத்திப் பேசாதீர்கள். ஊசிக்காக நெருக்கவும் வேண்டாம். ஒருநாள் இரக்கப்பட்டுப் போட்ட ஊசி ஓர் உயிரைப் பறிக்கலாம். அவளது வாழ்நாள் தொழிலையும் பறிக்கலாம். பதிவுக்கான பயணச் செலவை மாதர் சங்கம் கடனாகக் கொடுத்தால் அது ஊருக்கே முதலீடு.

நல்ல சமாரியர் காயத்துக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினார். பின்பு அந்த மனிதனைச் சத்திரத்தில் சேர்த்து, மிகுதியை அங்குள்ளவரிடம் ஒப்படைத்தார். தன்னால் இயன்றதைச் செய்தார். இயலாததை உரியவரிடம் விட்டார். அதனால் அவரது அன்பு குறைந்து போகவில்லை.

கலந்துரையாடுவோம்

அ. எமது ஊரில் தாதிப் பயிற்சி பெற்றும் பணியின்றி இருப்பவர்கள் யார்?
ஆ. அவர்களுக்கு எந்தப் பத்திரம் குறைவாக உள்ளது?
இ. அதைப் பெற, அடுத்த கூட்டத்துக்கு முன் நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் எது?