நோயைத் தாங்கும் இனம் நோயற்ற இனமா?

ஓர் உயிரினம் ஒரு நோயால் சாவதில்லை என்றால், அதனிடம் அந்த நோய் இல்லை என்று சொல்லிவிடலாமா? சுவீடன் நாட்டு ஏரிகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் மாற்றம் இக்கேள்விக்கு விடை தருகிறது.

கிரேஃபிஷ், பெயரில் மீன் இருந்தாலும் மீன் அன்று. இறாலையும் நண்டையும் போல் ஓடு கொண்டது, நன்னீரில் வாழ்வது. பார்ப்பதற்குச் சிறிய சிங்கி இறாலைப் போல் இருக்கும். சுவீடனின் பூர்வீக இனம் நோபிள் கிரேஃபிஷ். ஆகஸ்டு மாதத்தில் உறவினரும் நண்பரும் ஒன்றுகூடி கிரேஃபிஷ் விருந்து உண்பது அந்நாட்டு வழக்கம்.

1907-இல் அங்கு கிரேஃபிஷ் கொள்ளைநோய் நுழைந்தது. அஃபனோமைசிஸ் அஸ்டாசி என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரே இதற்குக் காரணம். அதன் பிறப்பிடம் வட அமெரிக்கா. அதன் வித்துகள் நீரில் நீந்திச் சென்று கிரேஃபிஷின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு இழைகளாக உடலுக்குள் வளரும். நோபிள் இனத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. நோய் புகுந்த ஏரிகளில் கூட்டம் கூட்டமாக மடிந்தது.

இழப்பை ஈடுகட்ட, 1960-களில் கலிபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷ் கொண்டுவரப்பட்டது. இதுவும் சுவையானது; நோயையும் தாங்கக்கூடியது. நுண்ணுயிரின் இழை ஓட்டைத் துளைக்கும்போது, சிக்னல் இனத்தின் உடல் மெலனின் என்னும் கருநிறமியால் அதை விரைவாகச் சூழ்ந்து அடைத்துவிடும்.

சிக்கல் இங்குதான் தொடங்கியது. அடைபட்ட இழை சாவதில்லை. ஓட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. சிக்னல் கிரேஃபிஷ் தோலுரிக்கும்போதோ இறக்கும்போதோ வித்துகள் மீண்டும் நீரில் கலக்கின்றன.

இதன் விளைவைக் கவனியுங்கள். இந்த நுண்ணுயிர் கிரேஃபிஷ் இல்லாமல் நெடுநாள் வாழாது. எனவே, நோபிள் இனம் முற்றாக அழிந்த ஏரியில் நோயும் காலப்போக்கில் மறைந்துவிடும். மீண்டும் குஞ்சுகளை விட்டு வளர்க்க வழியுண்டு. சிக்னல் இனம் குடியேறிய ஏரியிலோ நோய் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. அங்கு நோபிள் இனம் திரும்பி வர இயலாது. தற்காலிக இழப்பாக இருந்திருக்கக்கூடியது நிலையான இழப்பாயிற்று.

சிக்னல் இனம் எட்டாத ஏரிகளில்தான் இன்று நோபிள் இனத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஈரமான வலையும் காலணியும்கூட வித்துகளைச் சுமக்கக்கூடும் என்பதால், ஓர் ஏரியில் பயன்படுத்தியவற்றை நன்கு உலர்த்திய பிறகே அடுத்த ஏரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் சிக்னல் கிரேஃபிஷைத் தன் ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் தீபகற்பத்துக்குப் பூர்வீகக் கிரேஃபிஷ் இல்லை. ஆயினும், ஆஸ்திரேலியாவின் ரெட்கிளா கிரேஃபிஷ் சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே பெருகியுள்ளது. மீன்தொட்டியில் வளர்க்கும் உயிர் சலித்துவிட்டால் அதை ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள்.

சிந்திக்க: நோயால் சாகும் இனம், நோயைத் தாங்கும் இனம் ஆகிய இரண்டில், ஓர் ஏரியில் நோயை நெடுங்காலம் நிலைக்கச் செய்வது எது? காரணம் கூறுக.